ஏழாவது, எட்டாவது இலக்கத்தில் ஒன்றும் இல்லை

நம்பிக்கை: *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணில் ஏழாவது, எட்டாவது இலக்கம் 00 என்றால் போன் ஒரிஜினல்; 02 அல்லது 20 என்றால் மட்டம்; 13 என்றால் உடம்புக்கே கேடு.

உண்மை: சுத்தப் பொய். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போன் பூட்டும் லைனில் நிற்கிற பிள்ளைகளே இதை ஃபார்வர்டு செய்தால், கணக்கு வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வராதா? 2002 முடியும்வரை அந்த இரண்டு இலக்கங்கள் போன் பூட்டப்பட்ட ஆலையைக் குறித்தன. தரத்தை அன்றும் குறிக்கவில்லை. 2003 தொடக்கத்திலிருந்து எல்லாவற்றுக்கும் 00 போட்டார்கள். 2004 ஏப்ரலில் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டு, முதல் எட்டு இலக்கங்களையும் மாடலுக்குக் கொடுத்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் உற்பத்தி தொடங்கியதே 2006இல். இங்கே செய்த ஒரு போனிலாவது அந்தக் குறியீடு இருந்திருக்க முடியுமா? 2014 நவம்பரில் அந்த ஆலையும் நின்றது. வதந்தி மட்டும் மூன்று ஷிப்டும் ஓடுகிறது.

ஐ.எம்.இ.ஐ. எண்ணில் பார்க்க வேண்டியது, எண் சரியா என்று சோதிக்கச் சேர்க்கப்படும் கடைசி இலக்கம். விளக்கத்துக்கு வழக்கமாகக் காட்டப்படும் எண் 490154203237518. வலமிருந்து இரண்டாவதில் தொடங்கி, ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டியுங்கள். ஈரிலக்கம் வந்தால் அவ்விரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். இரட்டித்தவை 30, மற்றவை 30, மொத்தம் 60. பத்தால் மீதியின்றி வகுபட்டால் எண் சரி. ஏழாவது இலக்கமான 2ஐ 3 என்று தப்பாக அடித்தால் 61 வரும். பிழை உடனே மாட்டிக்கொள்ளும். பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் மாட்டும். 0, 9 என்ற ஜோடி மட்டும் தப்பிக்கும். ஐ.பி.எம். பொறியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இது. வதந்திக்காரர் கணக்குப்படி இந்த எண்ணில் 20 இருக்கிறது, ஆகவே மட்டம்! கணக்குக்கு அது தெரியாது.

நம்பிக்கை: ஐ.எம்.இ.ஐ. இலக்கங்களின் கூட்டுத்தொகை 8 வந்தால் ஆகாது.
உண்மை: இலக்கங்களைக் கூட்டிக் கூட்டிச் சுருக்குவது, ஒன்பதால் வகுத்து மீதி பார்ப்பதுதான். ஒன்பது போனில் ஏறத்தாழ ஒன்றுக்கு 8 வந்தே தீரும்.

நம்பிக்கை: லூன் கணக்கில் தேறினால் போன் அசல்.
உண்மை: அது கைப்பிழையைப் பிடிக்கும், திருடனைப் பிடிக்காது. கடைசி இலக்கத்தை யாரும் கணக்கிட்டுப் போட்டுக்கொள்ளலாம். பழைய போன் வாங்குகிறவர்கள் திரையில் வரும் எண்ணைப் பெட்டியோடும் பில்லோடும் ஒப்பிட்டு, அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக நம் ஆசிரியர்களுக்கு: வகுபடும் விதிகளை மனப்பாடமாக ஒப்பிக்க வைத்தது போதும். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் ஒரு வகுப்பில் இந்த மீதிக் கணக்கை மாணவர்கள் கையால் போடட்டும். அடுத்த முறை அந்த வாட்ஸ்அப் செய்தி வந்தால், அனுப்பியவரிடம் 60 எப்படி வந்தது என்று அவர்களே கேட்பார்கள்.