பின்னால் வரும் பாரம்

டிராக்டர் வாங்க எண்ணுகிற தோட்டத்து உத்தியோகஸ்தர்களும் சரி, கைக்காசைப் போட்டுப் பழைய லொறியொன்றைச் சீர்செய்து வாடகைக்கு ஓட்ட முனைகிற இளைஞர்களும் சரி, முதற் கேள்வியாக எஞ்சினின் குதிரைவலுவைத்தான் விசாரிக்கிறார்கள். அந்த யந்திரம் தன் பின்னால் கட்டிக்கொண்டு போகிற பாரத்தை இறக்கத்தில் எதைக்கொண்டு நிறுத்தும் என்று கேட்பவர் அபூர்வம். வட்டவளையில் தோட்டத்து வேர்க்ஷொப்பிலும், கொழுந்து ஏற்றும் டிராக்டரிலும், பின்னர் லொறியிலுமாக என் உழைப்புக் காலத்தைக் கழித்தவன் நான். பாரவண்டியொன்றைத் தயார் செய்வதென்பது பெரும்பாலும் அதை நிறுத்துவதற்குத் தயார் செய்வதே என்னும் அபிப்பிராயம் எனக்கு நாளுக்கு நாள் உறுதிப்பட்டு வந்திருக்கிறது.

அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஏறி ஹட்டனை நோக்கிச் செல்லும் ஏ7 பெரும்பாதையில் இருக்கிறது எங்கள் ஊர். ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டுகிற இடம் இது. பெரும்பாதையாவது தார் போட்டது. கொழுந்து மடுவங்களைத் தேடி மலைமலையாக ஏறி இறங்குகிற தோட்டத்துப் பாதைகளோ, தென்மேல் பருவம் தொடங்கிவிட்டால் கல்லும் பாசியும் செஞ்சேறுமாகி, வெறுங்காலோடு நடப்பவனையே வழுக்கிவிடும் தன்மையன. ஒரு கிலோ தேயிலைத்தூள் செய்ய ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக்கொழுந்து வேண்டும். மழையில் நனைந்த கொழுந்து தண்ணீரையும் சுமந்துகொண்டு சாக்குக்குள் போகிறது. சாக்குக்குள் அமுங்கிச் சூடேறினால் தேயிலை ஆலையான ஸ்டோருக்குப் போய்ச் சேருமுன்பே தரம் கெட்டுவிடுகிறது. ஆகவே பாரமும் அதிகம், அவசரமும் அதிகம், பாதையும் மோசம் என்ற மூன்று தொல்லைகளுக்கு நடுவிலேதான் எங்கள் சாரதி தன் தொழிலைக் கற்றுக்கொள்கிறான்.

பத்தடிக்கு ஓரடி இறங்குகிற சரிவொன்றில், 5 தொன் பாரமுள்ள டிரெயிலர் தனக்கு முன்னால் இருக்கும் டிராக்டரை ஏறக்குறைய 500 கிலோ எடையின் வலுவோடு இடைவிடாமல் தள்ளிக்கொண்டு வருகிறது. அதே பாரம் 100 மீற்றர் உயரம் கீழே இறங்கும்போது பிறக்கிற வெப்பத்தை ஒரே இடத்தில் திரட்ட முடியுமானால், 14 லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவன் இந்த வெப்பம் முழுவதையும் பிரேக் டிரம்முக்குள்ளேயே தள்ளுகிறான். டிரம் விரிகிறது, பிரேக் கட்டையின் பிடி தளர்கிறது, மிதி உள்ளே போகப்போக வண்டி மட்டும் நிற்க மறுக்கிறது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய சாரதிமார் சொன்னது இதனால்தான். இறக்கம் தொடங்குமுன்பே அந்தக் கியரைப் போட்டுவிட வேண்டும். பாதி வழியில் கிளச்சை மிதித்துக் கியர் தேடப் புகுந்தால், பழைய பெட்டிகளில் கியர் விழவே விழாது, வண்டி நியூட்ரலில் ஓடத் தொடங்கிவிடும். எஞ்சின் பிடித்துக்கொண்டு வருகையில், வேகம் சற்று மிஞ்சும் சமயங்களில் மட்டும் பிரேக்கை நன்றாக ஓர் அழுத்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, உடனே முழுதாக விட்டுவிட வேண்டும். மெல்ல மெல்ல மிதித்துக்கொண்டே வருவது நிதானமென்று பலர் நினைப்பது தவறு. அது டிரம்முக்கு ஆறுவதற்கு அவகாசமே தருவதில்லை.

இந்த உண்மையை உலகம் விலை கொடுத்தே கற்றிருக்கிறது. டீசல் எஞ்சினின் பெருமையை நிலைநாட்ட 1931ஆம் ஆண்டில் லொறியொன்றோடு அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் புறப்பட்ட கிளெஸ்ஸி கம்மின்ஸ், கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்குகையில் பிரேக் கைவிட்டுவிட, கீழே கடவையில் சரக்கு ரயிலொன்று கடந்துகொண்டிருக்க, மயிரிழையில் உயிர் தப்பினார். எஞ்சினைக்கொண்டே வண்டியைத் தடுக்கும் உபாயத்தை அவர் பின்னாளில் ஆக்கி அளித்ததற்கு அந்த இறக்கமே காரணம். 1961இல் ஜேக்கப்ஸ் நிறுவனம் அதனை உற்பத்தி செய்யத் தொடங்கியது. நம் லொறிகளில் சாதாரணமாகக் காணப்படும் எக்ஸ்ஹோஸ்ட் பிரேக் அதைவிட எளியது, புகைபோகும் வழியை அடைத்து எஞ்சினை மூச்சுத்திணறச் செய்வது. பழைய லொறி வாங்குகிறவர் இருக்கைத் துணியின் அழகைப் பார்ப்பதற்கு முன், அந்த அடைப்பு கரி பிடித்து இறுகிப்போய்விட்டதா, இன்னும் அசைகிறதா என்று கீழே படுத்துப் பார்ப்பது நல்லது.

மழையூரில் பிரேக்குக்கு மற்றொரு சத்துருவும் உண்டு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டொட் 3 என்னும் வகை, டின்னை உடைத்த புதிதில் 205 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் கொதிநிலை உடையதாயிருக்க, ஈரம் ஏறியபின் அது 140 பாகை வரை இறங்கிவிடலாம். அப்பொழுது நெடிய இறக்கமொன்றின் சூட்டில் குழாய்க்குள்ளேயே எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழாகிறது, மிதித்த கால் வெறுங்காற்றை மிதிக்கிறது. கீழ்நாட்டு வரண்ட ஊரொன்றில் ஓடுகிற வண்டிக்கு எண்ணெய் மாற்றச் சொன்ன தவணை நமக்குப் பொருந்தாது. மூடியைத் திறந்து பாருங்கள்: இளமஞ்சளாகத் தெளிந்து கிடக்க வேண்டிய எண்ணெய் கலங்கிக் கறுத்திருந்தால், அளவு குறையவில்லையே என்று சமாதானம் சொல்லாமல் முழுவதையும் இறக்கிவிட்டுப் புதிது ஊற்றுவதே முறை. வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் சற்றே பிதுக்கினால் உள்ளே துருவின் செம்மை தெரிகிறதா என்பதும் பார்க்கத்தக்கது. காற்று பிரேக் உள்ள லொறிகளில், அந்திக்கு வண்டியை நிறுத்தியதும் டாங்கியின் அடியிலுள்ள வால்வைத் திறந்துவிடுங்கள். எண்ணெயும் தண்ணீரும் கலந்து வெள்ளைவெளேரென்று சீறிக்கொண்டு வருவதைப் பார்த்தபின், நாள்தோறும் திறக்கும்படி யாரும் புத்தி சொல்ல வேண்டியிராது.

இனிக் கொளுவும் இடத்துக்கு வருவோம். ஹரி பெர்குசன் 1946இல் கவென்ட்ரி நகரிலிருந்து விற்பனைக்கு அனுப்பத் தொடங்கிய சிறிய சாம்பல்நிற டிராக்டரோடு, அதற்கென்றே ஒரு டிரெயிலரையும் அமைத்தார். அதன் அச்சைப் பெட்டியின் நடுவில் வைக்காமல் பின்னுக்குத் தள்ளி வைத்ததனால், பாரத்தின் ஒரு பங்கு டிராக்டரின் பின்சக்கரங்கள் மேலேயே வந்து அமர்ந்தது. பாரம் கூடக்கூடச் சக்கரத்தின் பிடிப்பும் கூடிற்று. இன்று நம் தோட்டங்களில் ஓடுகிற மெஸி பெர்குசன் வண்டிகளுக்குக் கட்டும் ஒற்றை அச்சு டிரெயிலர்களும் அந்தத் தத்துவத்தின் வழிவந்தவையே. ஆனால் பாரம் ஏற்றுகிறவர்கள் அதைக் கெடுத்துவிடுகிறார்கள். கொழுந்துச் சாக்குகளை இறக்குவதற்கு வசதியென்று பின்கதவோரமாகவே அடுக்கினால், டிரெயிலரின் இழுவைத்தண்டான டிரோபார் மேலே எழ முயன்று டிராக்டரின் பின்பக்கத்தைத் தூக்குகிறது, சக்கரம் சேற்றில் சுழல்கிறது. மாறாக உரமூட்டைகளையோ விறகையோ முன்புறமே குவித்தால், ஏற்றத்தில் முன்சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலுமாகி ஸ்டியரிங் பேச்சுக் கேட்பதில்லை. பாரத்தின் பெரும்பகுதியை அச்சுக்கு மேலும், எஞ்சியதை அச்சுக்குச் சற்று முன்னாலும் வைப்பதே கிரமம். ஏற்றம் மிகுந்த மலைகளுக்குப் போகும் டிராக்டருக்கு முன்பக்க இரும்புப் பாரக்கட்டிகளைப் பூட்டாமல் அனுப்பலாகாது.

கொளுவும் உயரமும் முக்கியம். புதைந்த லொறியொன்றை இழுக்கவோ மரக்கட்டையை இழுக்கவோ போகிற அவசரத்தில், சங்கிலியை டிராக்டரின் மேல்கம்பியில் மாட்டுகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. பின் அச்சுக்கு மேலே இழுவிசை விழுந்தால், டிராக்டர் முன்புறம் தூக்கிப் பின்னால் கவிழ்ந்துவிடும்; சாரதி குதிக்கவும் நேரமிராது. சங்கிலி எப்பொழுதும் டிராக்டரின் கீழுள்ள டிரோபாரிலேதான் மாட்டப்பட வேண்டும்.

பின்னைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். டிரெயிலரின் கண்வளையமும் அதற்குள் இறங்கும் பின்னும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே ஓடுகின்றன. பின்னை வெளியே எடுத்து, ஈரத்துணியால் கிரீஸைத் துடைத்துவிட்டு, மேலிருந்து கீழாக விரலால் தடவினால், நடுவில் ஓரிடத்தில் இடுப்பு ஒடுங்கியது போல் பள்ளம் விழுந்திருப்பது கைக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியுமளவு பள்ளம் விழுந்த பின்னைப் பழைய இரும்போடு சேர்த்துவிட வேண்டியதுதான். அடியில் கிளிப் இல்லாத பின்னும், கிளிப்புக்குப் பதிலாகக் கம்பித்துண்டோ ஆணியோ செருகிய பின்னும் பள்ளத்தில் விழுந்த டிரெயிலர்களின் கதைக்குக் காரணமாயிருப்பவை. இவற்றோடு, டிரோபாரின் கீழே குறுக்காகப் பின்னி மாட்டிய இரண்டு காவற்சங்கிலிகளும் இருந்தால், பின் கழன்றாலும் டிரோபார் நிலத்தில் குத்தாமல் அந்தச் சங்கிலிகள் தாங்கிக்கொள்ளும். சங்கிலி முடக்கில் இறுகாத அளவு தளர்வாகவும், தரையில் உரசாத அளவு குட்டையாகவும் இருக்க வேண்டும்.

டிராக்டரில் இடது சக்கரத்துக்கொன்றும் வலது சக்கரத்துக்கொன்றுமாக இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. வயலில் திரும்புவதற்கு வைத்தவை. பாதையில் இறங்குமுன் இரண்டையும் இணைக்கும் தாழ்ப்பாளைப் போட்டே ஆக வேண்டும். ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் குறுக்கே திரும்ப, பின்னால் வருகிற டிரெயிலர் அதை மடக்கித் தள்ளிவிடும். டிரெயிலருக்கென்று தனிப் பிரேக் இருக்குமானால் அது டிராக்டருக்கு ஒரு கணம் முந்திப் பிடிக்கும்படி சரிசெய்து வைப்பது உத்தமம். பின்னாலுள்ளது முன்னாலுள்ளதை நீட்டி இழுத்துக்கொண்டிருக்கும் வரையில் மடங்குவதில்லை.

முடக்குகளில் டிரெயிலரின் உட்சக்கரம் டிராக்டரின் தடத்தைவிட்டு உள்ளே வெட்டிக்கொண்டு வரும். மேட்டுப்பக்கமானால் கானுக்குள் இறங்கும், பள்ளப்பக்கமானால் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் பள்ளப்பக்க ஓரத்தை ஒருபோதும் நம்பக்கூடாது. 1992இல் நிலம் நகர்ந்து ரயில் பாதையையே குலைத்த ஊர் இது. கிளீனர் இறங்கி நின்று பார்த்துச் சொல்லாமல் முடக்கில் பின்னெடுப்பது வீரமல்ல.

கனடாவில் கல்கரி நகரில் இருக்கிற என் மருமகன், ரொக்கி மலைகளுக்குக் குடும்பத்தோடு போய்வர வீட்டுவண்டியொன்று, கட்டிலும் அடுப்பும் குளியலறையும் உள்ள பெரிய டிரெயிலர், வாங்கப்போவதாகத் தொலைபேசியில் சொன்னான். “மாமா, எங்கட பிக்கப் அதைவிடக் கூடின பாரத்தை இழுக்குமெண்டு புத்தகத்தில போட்டிருக்கு” என்றான். இழுக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சுமக்குமா என்று பார்த்தாயா என்று கேட்டேன். அங்கே சிறிய வகைகளை வண்டியின் பின்னாலுள்ள பந்துக்கொளுவியில் மாட்டுகிறார்கள். டிரெயிலர் எடையில் 10 முதல் 15 வீதம் வரை கொளுவியின் மேல் அமர வேண்டும், அதற்குக் குறைந்தால் வேகப்பாதையில் டிரெயிலர் வாலாட்டத் தொடங்கும். பெரிய வகைகள் லொறியின் முதுகிலேயே, பின் அச்சுக்கு மேலே, ஐந்தாம் சக்கரம் என்னும் தட்டில் பூட்டப்படுகின்றன. அவற்றில் 15 முதல் 25 வீதம் வரை முதுகில் இறங்கும். 5 தொன் வீட்டுவண்டி என்றால் அதில் ஏறத்தாழ 1 தொன் பிக்கப்பின் மேலேயே உட்காருகிறது. அதோடு மனைவி மக்களும் சாமானும் சேர்ந்தால், கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சுமையளவு இழுவையளவுக்கு வெகு முன்பாகவே தீர்ந்துபோகும். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எடைத்தராசுக்குப் போய், ஒவ்வொரு அச்சின் பாரத்தையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கும்படி சொன்னேன். அந்நாட்டில் டிரெயிலருக்கு மின்சார பிரேக்கும், கொளுவி அறுந்தால் கம்பியொன்று இழுபட்டுத் தானாகவே அந்தப் பிரேக்கைப் பிடிக்கச்செய்யும் அமைப்பும் இருப்பது எனக்குப் பொறாமை தருகிறது.

அங்குள்ள சிலர், நெடுஞ்சாலையில் ஓடி ஓய்ந்த பெரிய பிரைம் மூவர்களையே வாங்கி, பின்னிரு அச்சுகளில் ஒன்றைக் கழற்றி, வீட்டுவண்டி இழுக்கப் பயன்படுத்துகிறார்களாம். காற்று பிரேக்கும், கம்மின்ஸ் கண்ட எஞ்சின் பிரேக்கும் கூடவே வருவதால் அது மூடத்தனமன்று. ஆனால் கன்டெய்னர் சுமக்கப் பிறந்த வண்டியின் ஸ்பிரிங் விறைப்பு மெல்லிய வீட்டுவண்டியை உலுப்பி உடைத்துவிடும். ஆதலால் காற்றுப்பையின் மேல் அமர்ந்த கொளுவி தேவைப்படுகிறது. லொறிக்குக் காற்று பிரேக், டிரெயிலருக்கு மின்சார பிரேக் என்று இருப்பதால், காற்றழுத்தத்தைப் பார்த்து மின்சாரம் அனுப்பும் கருவியும் வேண்டும். கண்ணாடிகள், விளக்குகள் முதலியவை விலை குறைந்தவை, மறக்கத்தகாதவை. வட்டவளைப் பனியில் டிரெயிலரின் பின்விளக்கு எரியாவிட்டால் பின்னால் வருகிற பஸ்ஸுக்கு நாம் இல்லை.

ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியவில்லை. கொழுந்து ஏற்றும் பெட்டியில் ஆட்களையும் ஏற்றி, இடமில்லாதவர்கள் டிரோபாரின் மேல் நின்றுகொண்டு போவதைக் கண்டும் காணாமலும் இருந்த தோட்டமொன்றில் நான் வேலை செய்திருக்கிறேன். வேண்டாமென்று சொன்னால், நடந்துபோக நேரமேது, பேருக்கு அரைநாள் போட்டுவிடுவார்களே என்று அவர்களே கேட்பார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் டிரோபாரில் நின்று வழுக்குகிறவர் விழுகிற இடம் டிரெயிலர் சக்கரத்துக்கு நேர்முன்னால். ஆளுக்கு ஆசனமும் பிடிமானமும் உள்ள வண்டியைக் கொடுப்பது தோட்டத்தின் கடமை; அது வரும்வரை டிரோபாரில் ஒருவர் நிற்கையில் கிளச்சை விடாதிருப்பது சாரதியின் அதிகாரத்துக்குட்பட்டது.

வண்டியை நிறுத்துவதற்கும் முறை உண்டு. சரிவில் கைப்பிரேக்கை மட்டும் நம்பாமல், ஏற்றத்தைப் பார்த்த வண்டிக்கு முதல் கியரும், இறக்கத்தைப் பார்த்த வண்டிக்குப் பின்கியருமாகப் போட்டு, முன்சக்கரத்தை மேட்டுப்பக்கம் திருப்பிவைத்து, டிரெயிலர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். டிரெயிலரைக் கழற்றுவதானால் கட்டை கொடுத்த பின்பே பின்னைத் தொட வேண்டும். கட்டை முக்கோணமாக, வைரம் பாய்ந்த மரத்தில் அறுத்ததாக, சக்கரத்துக்கு ஏற்ற உயரமுள்ளதாக இருக்கட்டும். அதைச் சங்கிலியால் டிரெயிலரின் சட்டத்தோடு பிணைத்தும் விடுங்கள், இல்லையேல் மழைக்காலத்தில் அது மறுநாளே ஏதாவதொரு லயத்து அடுப்பில் விறகாகிவிடும்.