தோல் வெட்டும்போது மாதிரித்தாளை அசையாது நிறுத்தும் முறைகள்

கைத்தொழில்களுள் தோல்வேலை தனியியல்பு வாய்ந்தது. தச்சன் பலகையில் விட்ட பிழையைச் சீவித் திருத்தலாம். குயவன் பிழைத்த மண்ணை மீண்டும் பிசையலாம். தையற்காரன் தைத்ததைப் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஒருமுறை சென்ற கத்தியின் வழியை மீட்டல் எவர்க்கும் இயலாது. ஆதலின் தோல்வேலை பயில விரும்புவோர் கத்தியை எடுக்குமுன் கற்கவேண்டியது ஒன்றுண்டு. வெட்டவேண்டிய வடிவத்தைக் காட்டும் மாதிரித்தாளைத் தோலின்மேல் அசையாது நிறுத்துவதே அது. கேட்பதற்கு இது மிகச் சிறிய விஷயமாகத் தோன்றும். ஆயினும் தொடங்குவோர் பலர் நல்ல தோலை வீணாக்குவது இவ்விடத்திலேயேயாம்.

நாமும் தொடக்கத்தில் அவ்வாறு வீணாக்கியோரே. தையற்காரர் துணியிற் செய்வதுபோலத் தாளைக் குண்டூசிகளாற் குத்தி நிறுத்தினோம். வெட்டி முடித்து ஊசிகளை எடுத்தபோது, மேற்புறத்தில் வரிசையாகத் துளைகள் நின்றன. துணி, நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய பொருள். ஊசி அந்நூல்களை விலக்கிச் செல்லும்; எடுத்தபின் அவை ஏறக்குறையப் பழைய இடத்திற்கு வந்துவிடும். தோலோ, கொலாஜன் என்னும் புரத நார்கள் பல திசையிலும் நெருங்கிப் பின்னிக்கிடக்கும் ஒரு படலம். உயிருள்ள உடலிற்போல இங்கே துளை ஆறி மூடுவதில்லை. இவ்வேறுபாட்டை அறியாமையே எமது பிழைக்குக் காரணம்.

தாள் நழுவுவது ஏன்?

கத்தி தான் செல்லுந் திசையில் தாளையும் தோலையும் உடன் இழுக்கின்றது. இவ்விழுவையை எதிர்த்து நிற்பது தாளுக்கும் தோலுக்கும் இடையேயுள்ள உராய்வு. உராய்வோ மேலிருந்து அழுத்தும் விசைக்கு ஏற்பக் கூடிக் குறைவது. தாளின் நிறை மிகச் சிறிதாதலின் அதன் உராய்வும் சிறிதே. விரலால் அழுத்தினால் விரல் உள்ள இடம் மாத்திரம் நிற்கும். விரலை அச்சாகக்கொண்டு தாளின் எஞ்சிய பகுதி சுழலும்.

இச்சுழற்சியின் விளைவை ஓர் உதாரணத்தாற் காண்போம். அடையாள அட்டை வைப்பதற்கு 100 மி.மீ. அகலமுள்ள ஓர் உறை வெட்டுகின்றோம் எனக் கொள்வோம். முதல் விளிம்பை வெட்டியபின் தாள் ஒரு பாகை மாத்திரம் திரும்பியது. கண்ணுக்கு அது புலப்படுவது அரிது. எனினும் 100 மி.மீ. தூரத்தில் ஒரு பாகைச் சுழற்சி ஏறக்குறைய 1.75 மி.மீ. விலகலை உண்டாக்கும். தையல் விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே செல்லவேண்டுமாயின், ஒரு முனையில் 1.25 மி.மீ. தோலே எஞ்சும். அவ்வளவு ஒடுங்கிய விளிம்பை நூல் நாளடைவில் அறுத்துக்கொண்டு வெளிவரும். உறையின் ஆயுள் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு பாகையில் முடிந்துவிடுகின்றது.

தாளை ஆயத்தஞ் செய்தல்

மெல்லிய தாளை அப்படியே வைத்து வெட்டுதல் தகாது. அதனைத் தடித்த மட்டையில் ஒட்டி, மட்டையோடு சேர்த்து வெட்டி எடுத்தல் வேண்டும். மட்டை மடங்காது, கத்தியின் அலகு சாய்ந்து நிற்க ஒரு சுவர்போல உதவும். இங்கிலாந்தில் சப்பாத்துத் தொழிலுக்குப் பேர்பெற்ற நோர்தாம்ப்டன் நகரத்துத் தொழிலாளர் கையால் வெட்டிய காலத்தில், மட்டை மாதிரிகளின் விளிம்புகளுக்குப் பித்தளைத் தகடு கட்டி வைத்திருந்தனர். கத்தி மட்டையைக் கடித்து உட்செல்லாதிருத்தற்கு இஃது உபாயமாயிற்று.

கணினியிலிருந்து மாதிரியை அச்சிட்டு எடுப்போர் அதில் 100 மி.மீ. நீளக் கோடொன்றையும் சேர்த்து அச்சிட்டு, அளவுகோலால் அளந்து பார்த்தல் நன்று. அச்சுப்பொறி வடிவத்தைச் சற்றுச் சுருக்கியோ விரித்தோ விடுவதுண்டு. மேலும், கடதாசி ஈரக்காற்றில் விரியும் இயல்புடையது. ஆதலின் ஒரு பொருளுக்குரிய மாதிரிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே வகை மட்டையில் ஆக்கிக்கொள்ளல் வேண்டும்.

தோலை அறிதல்

தோலின் இயல்பு தெரியாமல் நிறுத்தும் முறையைத் தெரிதல் கூடாது. ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றின் சாற்றிற் பதனிட்ட தோல் ஒருவகை. குரோமிய உப்பாற் பதனிட்டது மற்றொருவகை. பின்னையது 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழக்கிற்கு வந்தது. பட்டையிற் பதனிட்ட தோல் நீரை உறிஞ்சும். ஈரமாயிருக்கும்போது அழுத்திய கோட்டைத் தன்மேல் ஏற்று வைத்திருக்கும். குரோமியத் தோல் மென்மையானது. அழுத்திய கோடு அதில் நில்லாது.

முதுகந்தண்டை ஒட்டிய பகுதி உறுதியானது, குறைவாக இழுபடுவது. வயிற்றுப்பகுதி தளர்ந்தது, மிகுதியாக இழுபடுவது. வயிற்றுப்பகுதியில் வைத்த மாதிரி அசையாவிடினும், அதன் கீழுள்ள தோல் கத்தியோடு இழுபட்டு, வெட்டியபின் சுருங்கும். தாள் நழுவியது என்று நாம் எண்ணும் பிழைகளிற் சில உண்மையில் தோல் இழுபட்டமையால் நேர்வனவாம்.

நிறுத்தும் முறைகள்

முதலாவது, பாரம் வைத்தல். தோலில் யாதொரு வடுவும் விடாத முறை இதுவே. சிறு பாரங்கள் இரண்டு மூன்றை மாதிரியின் நடுவிலன்றி மூலைகளுக்கு அண்மையில் பரப்பி வைத்தல் வேண்டும். அப்பொழுது சுழற்சிக்கு இடமில்லை. இங்கு ஓர் எச்சரிக்கை உண்டு. பட்டையிற் பதனிட்ட தோலில் தனின் என்னும் துவர்ப்பொருள் உளது. ஈரமான அத்தோலை இரும்பு தொடுமாயின் நீலங்கலந்த கருங்கறை படியும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் மை கூட்டியதும் இத்தத்துவம் பற்றியே. ஆதலின் இரும்புப் பாரத்தைத் துணியிற் சுற்றி வைத்தல் வேண்டும். வழுவழுப்பான கல்லாயின் இன்னும் நன்று.

இரண்டாவது, ஒட்டு நாடா. பலரும் மாதிரியின் விளிம்புக்கு மேலாக நாடாவைத் தோல்வரை ஒட்டுவர். இது தவறு. கத்தி விளிம்பைச் சுற்றி வரும்போது அந்நாடாவையும் வெட்டிவிடும். பாதி வேலையிற் பிடிப்பு அற்றுப்போம். இருபுறமும் ஒட்டும் நாடாவின் சிறு துண்டுகளை மாதிரியின் அடிப்புறத்தில், விளிம்பிலிருந்து சற்று உள்ளே ஒட்டுவதே முறை. அவ்வாறாயின் கடைசி வெட்டுவரையும் பிடிப்புக் குறையாது. நாடாவின் ஒட்டும் வலிமை மிகுதியாயின், முதலில் ஒரு துணியில் இரண்டொருமுறை ஒட்டி எடுத்து அதனைத் தணித்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் தாமதியாது மெதுவாக உரித்தல் வேண்டும். நெடுநேரம் வெப்பத்தில் விட்டால் பசை இளகித் தோலிற் படியும். மேற்பூச்சுள்ள தோலிலும், பஞ்சுபோன்ற மேற்புறமுள்ள தோலிலும், முன்னதாக ஒரு கழிவுத் துண்டிற் சோதித்துப் பார்த்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, றப்பர்ப் பசை. இதனைத் தாளில் மாத்திரம் மெல்லெனப் பூசி, சற்றே உலரவிட்டு வைத்தால் தாள் முழுவதும் படிந்து நிற்கும். பின்னர் உரித்து, எஞ்சிய பசையை விரலால் உருட்டி எடுக்கலாம். ஆயின், பின்பு சாயம் ஏற்றவிருக்கும் தோலில் இம்முறை ஆகாது. பசை பட்ட இடத்திற் சாயம் ஏறாது திட்டுத்திட்டாகத் தோன்றும். இப்பசையின் ஆவி எளிதில் தீப்பற்றுவது, சுவாசத்திற்கும் தீங்கானது. யன்னல் திறந்த இடத்தில், நெருப்புக்கு அப்பால் வைத்தே கையாளல் வேண்டும்.

நான்காவது, கவ்வியும் ஊசியும். கவ்வி வடுப் பதிக்கும். ஆகவே அதற்கும் தோலுக்கும் இடையே மட்டைத் துண்டொன்றை வைத்தல் வேண்டும். ஊசியை முற்றாக விலக்கவேண்டுவதில்லை. கோட்டிற்குப் புறத்தே கழிவாகப்போகும் பகுதியிலும், பின்னர் தையல் துளை வரவிருக்கும் இடத்திலும் அது குத்தலாம். அங்ஙனம் குத்திய துளை குற்றமாகாது.

ஐந்தாவது, வரைந்து வெட்டல். மேற்கூறிய முறைகளுள் ஒன்றால் மாதிரியை நிறுத்தி, அதன் விளிம்பைச் சுற்றிக் கோடு வரைந்தபின் மாதிரியை எடுத்துவிட்டுக் கோட்டின்வழி வெட்டுவது இது. கோடு வரையும் கருவியின் இழுவை கத்தியின் இழுவையிலும் மிகக் குறைந்ததாதலின் தாள் நழுவும் அபாயமும் குறைவு. பட்டையிற் பதனிட்ட தோலை இலேசாக நனைத்து மழுங்கிய முனையால் அழுத்தி வரையலாம். குரோமியத் தோலில் வெள்ளிநிறப் பேனா உதவும். சாதாரண குமிழ்முனைப் பேனாவின் மை தோலில் ஊறிப் பரவும், அதனைத் தவிர்க்க. ஊன்புறத்தில் வரையும்போது, கண்ணாடியிற் காணும் உருவைப்போல மாதிரியைப் புரட்டி வைத்தல் வேண்டும். மறந்தால் இடக்கைக்குரியது வலக்கைக்குரியதாய் விடும். தொடங்கும் மாணவர்க்கு இவ்வைந்தனுள் இதனையே நாம் விதந்துரைப்போம்.

வெட்டும் ஒழுங்கு

நிறுத்தும் முறை எதுவாயினும், முதலில் மாதிரியைச் சுற்றி இரண்டு விரற்கடை இடம் விட்டு ஒரு துண்டைத் தனியே வெட்டிக்கொள்க. பெருந்தோலின் பாரம் மேசையிலிருந்து தொங்கி இழுத்தல் இதனால் ஒழியும். உள்மூலைகளில் முன்னதாகச் சிறு துளை இட்டு, கத்தி அத்துளையில் வந்து முடியுமாறு வெட்டுக. அங்ஙனமாயின் கத்தி மூலையைக் கடந்து செல்லாது. முதல்முறை இலேசாகக் கீறி வழி அமைத்து, இரண்டாம் மூன்றாம் முறைகளில் ஆழ வெட்டுக. வளைவுகளிற் கையைத் திருப்பாது, வெட்டுப்பலகையோடு தோலைத் திருப்புக. மழுங்கிய கத்தி மிகுதியாக இழுக்கும். எந்தப் பாரமும் எந்தப் பசையும் அவ்விழுவையைத் தாங்கா. கத்தியைத் தீட்டிக்கொள்ளல் மாதிரியை நிறுத்தும் முறைகளுள் ஒன்றே எனினும் பொருந்தும். மற்றைக் கையின் விரல்கள் எப்பொழுதும் கத்தியின் பின்புறத்தில் இருத்தல் வேண்டும்.

நிற்க. சைவ மரபில் ஊறிய கல்லூரி ஒன்றின் மலரில் தோலைப்பற்றி எழுதுவானேன் எனச் சிலர் வினவலாம். விழாக்களில் நாம் கேட்டு மகிழும் மிருதங்கத்தின் வலந்தலையிற் பல தோல்கள் வட்டமாக வெட்டிப் பொருத்தப்பட்டுள்ளன. இருதலைகளையும் இழுத்துப் பிடிப்பது தோல்வாரே. தவிலிலும் உடுக்கிலும் முழங்குவது தோலே. நாதத்தை வணங்கிய நாம், அந்நாதத்திற்குத் தோலை வெட்டிய கையை நெடுங்காலம் வாசலில் நிறுத்தி வைத்தோம். அக்கைகளிலிருந்த நுட்பம் ஏட்டில் ஏறாது போனமைக்கு இதுவும் ஒரு காரணம். ஒரு தொழிலை இழிந்ததென ஒதுக்குவோர் அத்தொழிலின் அறிவையும் உடன் இழக்கின்றனர்.

தோல் ஓர் உயிர் விட்டுச்சென்ற பொருள். அதனை அளந்து, அசையாது நிறுத்தி, ஒரு துண்டும் வீணாகாமல் வெட்டுதல் அவ்வுயிர்க்கு நாம் செலுத்தும் குறைந்தபட்ச மரியாதையாகும். மாணவர்காள், ஒரு கழிவுத் துண்டையும் மட்டையையும் துணி சுற்றிய இரண்டு கற்களையும் எடுத்து இன்றே முயன்று பாருங்கள். முதல் துண்டு பிழைப்பினும் அஞ்சவேண்டாம். எங்கே நழுவியது என்று பார்த்து, அடுத்ததை வெட்டுங்கள்.