மீன்தொட்டிக் கிரிப்டோகொரைனின் இலைக்கரைவும் பரிகாரமும்

கண்ணாடித் தொட்டிகளுக்கென வளர்க்கப்படும் நீர்ப்பூண்டுகளுள் கிரிப்டோகொரைன் வெண்டியை இலங்கைக்கே உரியது. 1958 ஆம் ஆண்டில் டி விட் என்னும் தாவரவியலார் இதற்கு இப்பெயரை இட்டார். ஈரப் பாத்தியில் செழித்த இப்பூண்டு, கண்டி நகர வீட்டுத் தொட்டியை அடைந்த சில நாட்களில் இலை கரைந்து போவதுண்டு. செடி மடிந்ததென வாங்கியவர் வீசிவிடுவர். பயிரிட்டு விற்ற கமக்காரரின் நற்பெயரும் கெடும்.

நோயறிதல்: மேல்மணலைச் சற்று விலக்கி, வேர்த்தண்டை விரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். உறுதியாயிருப்பின் செடிக்கு உயிருண்டு. குழைந்து நாறினால் மீளாது. நாற்றுப் பிடுங்கி நட்டதும் பழுப்பதைப் போன்றே, நீர், ஒளி, வெப்பம் ஆகியவை திடீரென மாறுவதால் இவ்விலைகள் கரைகின்றன. காற்றில் விரிந்த இலை நீருள் நெடுநாள் நில்லாது. இளவிலை வெளிறி நரம்புமட்டும் பசுமையாயிருப்பின், அது இரும்புச்சத்துக் குறைவாகும்.

பரிகாரம்:
1. கரைந்த இலைகளை மட்டும் நறுக்கி அகற்றுக, செடியைப் பிடுங்கற்க.
2. நீரைச் சிறிது சிறிதாகவே மாற்றுக.
3. யூரியா இடற்க, அதனின்று உண்டாகும் அமோனியா மீனைக் கொல்லும்.
4. செப்பு மருந்து தெளிக்கற்க. அது தொட்டியிலுள்ள இறாலுக்கு நஞ்சு.

சில வாரங்களில் நீருக்கேற்ற புதிய தளிர் தோன்றும். விற்பவர் இதனை வாங்குபவருக்கு முன்னரே அறிவித்தல் நன்று. நடுகைக்குப் பாத்தியின் பக்கக் கன்றுகளையே பயன்படுத்துக. ஓடைச் செடிகளைப் பறித்தல் ஆகாது.