இது எதுல உறைய வச்சது?



போன வருஷம் நோன்பு மாதத்தில் எங்கள் குழு விற்பனைக்காக ஜெல்லி இனிப்பு செய்தது. குழுவில் உள்ள முஸ்லிம் சகோதரி ஒருவர் பாக்கெட்டைக் கையில் வாங்கி, "அக்கா, இது எதுல உறைய வச்சது?" என்று கேட்டார். ஜெலட்டின் பவுடர் என்றோம். "எந்தப் பிராணியோட ஜெலட்டின்?" என்றார். யாருக்கும் பதில் தெரியவில்லை. தன் தெருவில் அதை விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். 40 பாக்கெட் தேங்கிப் போச்சு.

அவர் கேட்டது நியாயம்தான். மாடு, பன்றி இவற்றின் தோலையும் எலும்பையும் பக்குவப்படுத்தி, வெந்நீரில் காய்ச்சி எடுப்பதுதான் ஜெலட்டின். மீன் தோலிலிருந்தும் எடுக்கிறார்கள். பன்றி ஹராம் என்று குர்ஆனிலேயே இருக்கிறது. மாடு ஆகுமான பிராணி. ஆனாலும் அல்லாஹ்வின் பெயர் சொல்லி முறைப்படி அறுத்திருக்க வேண்டும். தானாகச் செத்தது கூடாது. மீனுக்கு அறுப்பு தேவையில்லை. பார்வைக்கு எல்லாம் ஒரே பவுடர்தான்!

மார்க்க அறிஞர்களிடையே இதில் இரண்டு கருத்து உண்டு. மது வினிகராக மாறினால் ஆகும் என்பதுபோல, ஒரு பொருள் முழுசாக வேறொன்றாகிவிட்டால் பழைய தடை நிற்காது என்பார்கள் சிலர். இதை 'இஸ்திஹாலா' என்பார்கள். ஜெலட்டின் அப்படி முழுசாக மாறவில்லை என்பார்கள் மற்றவர்கள். தீர்ப்புச் சொல்வது நம் வேலையில்லை. எதிலிருந்து வந்தது என்று சொல்வது மட்டும் விற்கிற நம் பொறுப்பு.

பச்சைப் புள்ளி போட்ட பொருளில் ஜெலட்டின் இருக்கக் கூடாது. பழுப்பு முக்கோணம் அசைவம் என்று மட்டும்தான் சொல்லும். எந்தப் பிராணி, எப்படி அறுத்தது என்று சொல்லாது. அதற்கு ஹலால் முத்திரை பார்க்கணும், இல்லாவிட்டால் கம்பெனியிடம் எழுத்தில் கேட்கணும். (எசன்சில் ஆல்கஹால் இருந்தாலும் பச்சைப் புள்ளி இருக்கும். அதையும் விசாரியுங்கள்.)

கடைசியில் வழி சொன்னதும் அந்தச் சகோதரிதான். நோன்பு திறக்க அவர் வீட்டில் கடல்பாசி காய்ச்சுவார்கள். ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி இதற்குத்தான் போகிறது. பிராணிச் சம்பந்தமே கிடையாது. 10 கிராமை ஊறவைத்து, சுமார் 1 லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரையும்வரை கொதிக்கவிடணும். ஜெலட்டின் மாதிரி நினைத்து வெறும் சுடுதண்ணீரில் போட்டு, முதல் தடவை நாங்கள் கெடுத்தோம். ஃப்ரிட்ஜ் வேண்டாம், ஆறினாலே உறையும், வெயிலிலும் உருகாது.

இப்போது லேபிளில் 'கடல்பாசியில் செய்தது' என்று போடுகிறோம். அந்தத் தெரு விற்பனையை அவரே பார்த்துக்கொள்கிறார்.