கடற்கரைக் காட்சிகளும் கரையோர ஊராட்சிகளும்

அறுவடை முடிந்து களம் ஒழிந்தபின், குடியானவர்கள் வண்டி பேசிக்கொண்டு யாத்திரை புறப்படுவது நம் கிராமங்களில் நெடுநாளைய வழக்கமாகும். முன்னாளில் கோயிலும் தீர்த்தமுமே இத்தகைய பிரயாணத்தின் நோக்கமாக இருந்தன. இப்போது பழங்கோட்டையையும், பறவைகள் கூடும் நீர்நிலையையும், உப்பங்கழிக் காட்டையும் காணும் ஆவலும் மக்களிடையே மிகுந்துள்ளது. புறப்படுவோருக்கு எங்கே செல்லலாம் என்பது கேள்வி. அவர்களை வரவேற்கும் கரையோர ஊராட்சிகளுக்கோ, வந்து போகிறவர்களால் ஊருக்கு நிற்பது என்ன என்பது கேள்வி. சிதம்பரத்துக்குக் கிழக்கே தொடங்கித் தெற்கே கோடியக்கரை வரையில் உள்ள கடற்கரையை எடுத்துக்கொண்டு, இவ்விரண்டு கேள்விகளையும் சேர்த்தே ஆராய்வோம்.

சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றின் முகத்துக்கும் கொள்ளிடத்தின் முகத்துக்கும் இடையே பிச்சாவரம் காடு பரந்து கிடக்கிறது. படகிலேறி அதன் ஓடைகளுள் புகுந்தால், இரு பக்கத்துக் கிளைகளும் தலைக்கு மேலே கூடிப் பந்தலிட்டாற்போல் நிற்கும். 1975-ஆம் ஆண்டு வெளிவந்த 'இதயக்கனி' திரைப்படத்தில் இவ்விடத்தைக் கண்டவர்கள் நம்மில் பலர் இருப்பர். ஆயினும் படகில் செல்வோர் கேளிக்கையோடு நின்றுவிடாமல், மரங்களின் வேர்களையும் உற்று நோக்குதல் நலம். சுரபுன்னையின் வேர்கள் அடிமரத்திலிருந்து வளைந்து இறங்கி, முட்டுக் கொடுத்ததைப் போலச் சேற்றில் ஊன்றி நிற்கின்றன. வெண்கண்டலின் வேர்களோ சேற்றுக்கு மேலே விரல் விரலாக நீட்டி மூச்சு விடுகின்றன. சுரபுன்னையின் விதை மரத்திலிருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காயைப் போல் நீண்டு தொங்கி, பின்னர் உதிர்ந்து சேற்றில் வேர் பிடிக்கும். தாய்மரமே நாற்றங்காலாக விளங்கும் இம்முறையை வியக்காத உழவர் இருக்கமாட்டார்.

இக்காடு ஒரு காலத்தில் பகுதி பகுதியாக அழிந்துகொண்டிருந்தது. முற்காலத்தில் விறகுக்காகவும் மரத்துக்காகவும் பிரிவு பிரிவாக முழுவதும் வெட்டிவந்தனர். வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் முளைக்குமென்று எதிர்பார்த்தனர், முளைக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேரே மண்ணில் பட்டு, ஈரம் வற்றி, நிலம் தொட்டிபோல் அமிழ்ந்துவிட்டது. ஓதம் ஏறும்போது அத்தொட்டியில் புகுந்த நீர், ஓதம் வற்றும்போது வெளியேற வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக ஆக, உப்பு மட்டும் மண்ணில் மிகுந்துகொண்டே வந்தது. வடிகால் அற்ற வயல் உவர்நிலமாவதைக் கண்டிருக்கும் நம் குடியானவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அக்கம்பக்கத்துக் கிராமத்தாரும் கூடிச் செய்த பரிகாரமும் வடிகாலே. மீனின் முள்ளைப்போல, நடுவே ஒரு பெருவாய்க்காலும் அதனின்று சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்களும் வெட்டினர். கடல்நீர் நாள்தோறும் வந்து போகத் தொடங்கியதும் உப்பின் கடுமை குறைந்தது. நட்ட கன்றுகள் பிழைத்தன. 2022-இல் பிச்சாவரம் உலகளாவிய சிறப்புடைய ஈரநிலங்களின் வரிசையில், ராம்சார் பட்டியலில், இடம்பெற்றது.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, காட்டின் மறைவிலிருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாகவும், திறந்த கரையிலிருந்தவற்றில் மிகுதியாகவும் காணப்பட்டது. கடலிலிருந்து இருந்த தூரமும் நிலத்தின் மேடும் அதற்குக் காரணம் என்று கூறும் ஆராய்ச்சியாளரும் உளர். அவர்கள் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும், அலையின் வேகத்தைத் தணிக்கும் மரத்தை விறகு விலைக்கு மதிப்பிடலாகாது என்பதே நமது கருத்து. காட்டைக் காண ஆயிரம் பேர் வருவதால் கிடைக்கும் வருவாய் அக்காட்டைக் காப்பதற்கு உதவவேண்டுமேயன்றி, கரைப்பதற்கு உதவலாகாது.

வருவாயைப் பற்றியும் வெளிப்படையாகவே பேசுவோம். நாற்பது பேர் ஒரு வண்டியில் வருவதாகக் கொள்வோம். கட்டுச்சோற்றைத் தாங்களே கொண்டுவந்து, மரத்தடியில் உண்டு, இலையையும் நெகிழிப் புட்டிகளையும் அங்கேயே எறிந்துவிட்டுப் போவார்களாயின், அவ்வூருக்கு மிஞ்சுவது குப்பையே. அவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. அமர்ந்து உண்ண நிழலும், நல்ல குடிநீரும், பெண்கள் தயங்காமல் நுழையக்கூடிய தூய கழிப்பிடமும் இருந்தால் இன்னும் இரண்டு நாழிகை தங்குவர். தங்குகிறவரே பொருள் வாங்குவர். மகளிர் சுய உதவிக் குழுவினர் நடத்தும் உணவுச்சாலையில் சுடச்சுட மீன்குழம்பும் சோறும் கிடைக்குமாயின் கட்டுச்சோறு எதற்கு?

கொள்ளிடத்தைக் கடந்து தெற்கே சென்றால், காவிரி கடலோடு கலக்கும் பூம்புகார். பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் புகழும் துறைமுகம் இருந்த இடத்தில் மாடமாளிகைகளை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவர். கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையும், பல்லவனீச்சுரத்துப் புத்த விகாரத்தின் அடித்தளமும், 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடமுமே இங்கு காணத்தக்கவை. கதையறிந்த ஒருவர் உடன் வந்து சொன்னாலன்றி இச்செங்கற்கள் பேசா. படித்த உள்ளூர் இளைஞர் இருவருக்குப் பயிற்சியளித்தல் ஊராட்சிக்குப் பெருஞ்செலவன்று.

தரங்கம்பாடியின் நிலை வேறு. இங்கே காட்சிப் பொருள்கள் கண்ணெதிரே நிற்கின்றன. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று டேனிஷ்காரர் கட்டிய டேன்ஸ்பர்க் கோட்டை கடலை நோக்கி நிற்கிறது. 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் இங்கு அச்சுக்கூடம் நிறுவி, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். 1845-இல் இவ்வூர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. கரையிலுள்ள மாசிலாமணிநாதர் கோயில் பாண்டியர் காலத்தது. அதன் முற்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. கடலுக்கு அருகே விடுதி கட்ட விரும்புவோர் இக்கோயிலை ஒருமுறை பார்த்துவரல் வேண்டும். 1991 முதற்கொண்டு இருந்துவரும் கடலோர ஒழுங்குமுறை விதிகள், உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரையில் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கின்றன. இவ்விதிகளை அறியாமல் எவ்விதக் கட்டட விண்ணப்பத்துக்கும் மன்றம் தீர்மானம் இயற்றலாகாது.

காரைக்காலுக்கு அப்பால் நாகூர்த் தர்காவும் வேளாங்கண்ணிப் பேராலயமும் எம்மதத்தாரும் வந்து கூடும் தலங்கள். நாகூரின் 131 அடி உயர மனோராவைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. அமைதியாகக் காண விழைவோர் அந்நாள்களைத் தவிர்க்க.

கரையின் தென்முனையில் வேதாரணியமும் கோடியக்கரையும் உள்ளன. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பெடுத்ததன் நினைவுத் தூண் அகஸ்தியம்பள்ளியில் இருக்கிறது. கோடியக்கரைச் சரணாலயம் 1967-இல் அமைந்தது. பூநாரை முதலிய பறவைகள் அக்டோபரில் வரத் தொடங்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை காண்பதற்கு ஏற்ற காலம். புல்வெளியில் வெளிமான்கள் மேய்கின்றன. அப்புல்வெளியைச் சீமைக் கருவேல் கவ்விவருவது கவலைக்குரியது. தரிசில் அம்மரத்தை வளரவிட்டு நாம் படும் பாட்டையே மான்களும் படுகின்றன. வனத்துறை அதனைக் களைந்துவருகிறது. ஆயினும் ஓரத்துப் புறம்போக்கிலும் பட்டா நிலத்திலும் நின்று கால்நடைகளுக்கு நெற்றை ஈயும் மரங்களை அகற்றுவது ஊரார் வேலை. கால்நடைகள் தின்று கழிக்கும் விதையே மீண்டும் புல்வெளிக்குள் முளைக்கிறது.

இத்தகைய பணிகளை மே 1-ஆம் நாள் கூடும் கிராம சபையில் வைத்துத் தீர்மானித்துக்கொண்டால், அக்டோபரில் பறவைகளும் அவற்றைத் தொடர்ந்து பிரயாணிகளும் வந்து சேருமுன் கழிப்பிடம் கட்டவும், குடிநீர்க் குழாய் இடவும், குப்பை பிரிக்கும் கொட்டகை போடவும் ஐந்து மாத அவகாசம் கிடைக்கும்.