எல்லாம் சேர்த்து வாடகையா? முதலில் மீட்டரைப் பாருங்கள்

பெரியாஸ்பத்திரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த செவிலியர், மீனாட்சி கல்லூரியில் மகளுக்கு இடம் கிடைத்த பெற்றோர் என்று மதுரை கோரிப்பாளையத்தைச் சுற்றி வீடு தேடுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. "கரண்ட், தண்ணி எல்லாம் சேர்த்துத்தான் வாடகை" என்று புரோக்கர் சொன்னதும் பலருக்கும் நிம்மதி வந்துவிடுகிறது. நான் அங்கேதான் கேள்வியை ஆரம்பிப்பேன்: வீட்டுக்குத் தனி மீட்டர் உண்டா?

செல்லூர், நரிமேடு சந்துகளில் ஒரே வீட்டை மூன்று போர்ஷனாகத் தடுத்து, மூன்றுக்கும் ஒரே மீட்டர் வைத்திருப்பார்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரு குடும்பம் 180 யூனிட் எரித்தால், தனி மீட்டரில் 80 யூனிட்டுக்குத்தான் காசு. மூன்று குடும்பமும் ஒரே மீட்டரில் என்றால் 540 யூனிட். கழிவது அதே 100தான். ஆளுக்கு 147 யூனிட் தலையில் விழும். போதாததற்கு, மொத்தம் 500-ஐத் தாண்டியதால் குறைந்த யூனிட்டுக்கான சலுகை விலையும் போய்விடும். வீட்டுக்காரர் இதைத் தன் கையிலிருந்தா கட்டுவார்? வாடகையில் ஏற்றியிருப்பார். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை வாங்குகிறவர்களிடமும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தனி மீட்டர் இருந்தால் மின் இணைப்பு எண்ணைக் கேளுங்கள். முன்பு குடியிருந்தவர் என்ன கட்டினார் என்பது மின்வாரிய இணையதளத்தில் தெரிந்துவிடும். தனியாளாக ஓர் அறையில் தங்கி, ஏசியும் இல்லாதவருக்கு மட்டும் மொத்த வாடகை நிம்மதிதான்.

தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்துப் போர்ஷனில் கேளுங்கள். மாநகராட்சிக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, போர் தண்ணீர் உப்பா, மோட்டார் எந்த மீட்டரில் ஓடுகிறது? குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். உப்பென்றால் மாதாமாதம் கேன் தண்ணீர்ச் செலவையும் வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

பஸ் விஷயத்தில் பெண்களுக்கு வேறு கணக்கு. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் அவர்களுக்குக் காசு கிடையாது. அதனால் கோரிப்பாளையம் சிக்னலை ஒட்டியே வீடு வேண்டுமென்று கூடுதல் வாடகை கொடுக்க வேண்டியதில்லை. அழகர்கோவில் சாலையிலோ நத்தம் சாலையிலோ நாலைந்து நிறுத்தம் தள்ளிப் பார்க்கலாம். ஒன்று மட்டும்: நிறுத்தத்தில் நின்று, வருகிற பஸ்களில் இலவசப் பஸ் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இரவு ஷிப்டு முடித்து வருகிறவர் இரவிலேயே போய் நின்று பார்க்க வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் இந்தப் பக்கம் பஸ்ஸை நம்ப முடியாது. அது மதுரைக்காரர்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்!

"மெட்ரோ வரப்போகுது" என்று வாடகையை ஏற்றினால் மசியாதீர்கள். திருமங்கலம்–ஒத்தக்கடை மெட்ரோ திட்டத்தை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பிவிட்டது.

பேச்சு முடிந்ததும் எழுத்தில் வாங்குங்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை ஆணையத்தில் பதியவும் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. தகராறு வந்தாலும் வீட்டுக்காரர் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்த முடியாது. வாடகையில் எவை சேர்த்தி, எத்தனை யூனிட் வரை என்பதை எழுதச் சொல்லுங்கள். காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார் என்பதையும் விடாதீர்கள்; கடைசி மாதச் சண்டை பெரும்பாலும் அதில்தான்.