லிண்டலோடு நின்ற வீடு: கட்டுமானத் தொண்டில் இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மதுரையிலிருந்து திருமங்கலம், பேரையூர் பக்கமோ மேலூர், கொட்டாம்பட்டி பக்கமோ உள்சாலைகளில் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன செங்கல் சுவர், அதன் மேல் துருப்பிடித்த கம்பி, பக்கத்திலேயே தார்ப்பாய் போட்ட குடிசை. குடும்பம் இன்னும் அந்தக் குடிசையில்தான் இருக்கிறது. வேலை உத்தரவு வந்தாயிற்று, முதல் தவணையும் வந்தாயிற்று, வீடுதான் எழவில்லை.

ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டும் தொண்டில் சேர விரும்புகிறவர்கள் முதலில் நினைப்பது செங்கல் தூக்குவதை. அதற்கு ஊரில் ஆள் உண்டு. வீடு எங்கே சிக்கி நிற்கிறதோ, அந்த இடத்துக்குத்தான் ஆள் பஞ்சம். அங்கே போய் நின்றால் வீடும் முடியும், உங்கள் தொழிலுக்கு உதவும் அனுபவமும் சேரும்.

வீடு சிக்கும் நான்கு இடங்கள்

1. பட்டா. கிராமத்தில் பிரதமரின் வீட்டுத் திட்டமானாலும் 2024-ல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லமானாலும், மனை யார் பெயரில் என்பதுதான் முதல் கேள்வி. தாத்தா பெயரில் இருக்கும் நத்தம் மனை, அண்ணன் தம்பி கூட்டுப் பட்டா, உட்பிரிவு ஆகாத இடம் என்று பாதிப் பேர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம், ஜமாபந்தி, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள் என்று அலைய, கூலி வேலைக்குப் போகிறவரால் முடியாது. ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போயிற்று.

2. அளவு. கனவு இல்லத் திட்டத்தில் வீடு 360 சதுர அடி, தொகை 3.5 லட்சம் ரூபாய். ஒப்பந்தக்காரர் சதுர அடிக்கு 2,000 ரூபாய் கேட்டால் அதே 360 அடிக்கு 7.2 லட்சம் ஆகிவிடும். இந்த இடைவெளியை அடகு நகையும் வட்டிக் கடனும் சொந்த உழைப்பும்தான் அடைக்கின்றன. இதற்கு நடுவே, "கட்டுறதே கட்டுறோம், இன்னொரு ரூமும் சேர்த்துக் கட்டிருவோம்" என்று வானம் தோண்டும்போதே 500 அடிக்கு இழுத்துவிட்டால், பணம் லிண்டலோடு தீரும். அன்றைக்குக் காகிதமும் பென்சிலும் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்ட ஓர் ஆள் இருந்தால் போதும்.

3. மண். திருமங்கலம், கள்ளிக்குடி, தே. கல்லுப்பட்டி, பேரையூர் வட்டாரம் பெரும்பாலும் கரிசல். மழையில் உப்பி வெயிலில் பிளக்கும் மண் அது. செம்மண் காட்டில் போடும் அதே ஆழத்தில் அஸ்திவாரம் போட்டால் இரண்டு கோடைக்குள் சுவரில் விரிசல் ஓடும். கரிசலை வெட்டியெடுத்து மணலோ கிராவலோ போட்டுக் கெட்டித்து, தரைமட்டத்தில் சுற்றிலும் பெல்ட் கான்கிரீட் போட வேண்டுமா என்பதைப் பொறியாளரிடம் கேட்டுத்தான் வானம் தோண்ட வேண்டும்.

4. தண்ணீர். புதிய கான்கிரீட்டை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தியத் தர நிறுவனத்தின் விதிப்படி சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமென்ட்டுக்கு 10 நாள், வறண்ட வெக்கைக் காலத்தில் அதையும் 14 ஆக்கலாம். கடைகளில் இன்று கிடைப்பது பெரும்பாலும் கலப்புச் சிமென்ட்; மதுரை வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் விடிந்ததும் வீட்டில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் தளத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? காலையிலும் மாலையிலும் வந்து நனைக்கும் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் அந்த வீட்டின் ஆயுளைக் கூட்டுகிறார்கள். படம் எடுத்துப் போட ஏதும் இல்லாத வேலை. ஆனால் தொண்டில் முதல் இடம் இதற்குத்தான்.

எந்த வாசல் வழியாக நுழைவது?

மாணவர் என்றால் நாட்டு நலப்பணித் திட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. காந்தி நூற்றாண்டான 1969-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. முகாமைக் கோயில் வளாகச் சுத்தத்தோடு முடிக்காமல், தத்தெடுத்த கிராமத்தில் நின்றுபோன ஒரு வீட்டை எடுக்கலாமா என்று திட்ட அலுவலரிடம் கேளுங்கள். முன்மாதிரி பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. பத்தனம்திட்டையின் விலங்கியல் பேராசிரியர் எம்.எஸ். சுனில், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்தபோது வீடில்லாத தம் மாணவி ஒருவருக்கு வீடு கட்டத் தொடங்கினார். பிறகு கொடையாளர்களைச் சேர்த்து நூற்றுக்கணக்கான வீடுகள் கட்டினார். நாரி சக்தி புரஸ்கார் விருதும் பெற்றார்.

நிறுவனம் வழியாகப் போக விரும்பினால் ஹாபிடட் ஃபார் ஹியூமானிட்டி இருக்கிறது. 1976-ல் அமெரிக்காவில் மில்லர்டு, லிண்டா ஃபுல்லர் தம்பதி தொடங்கியது. 1983-ல் அன்றைய ஆந்திரத்துக் கம்மம் வழியாக இந்தியாவுக்கு வந்தது. 2006-ல் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரே லோனாவாலா அருகே வந்து, தொண்டர்களோடு நின்று கட்டட வேலை பார்த்தார். வீடு பெறும் குடும்பமும் உழைப்பைத் தர வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி.

இந்த விதி நம் பக்கத்துக்குப் புதிதல்ல. அன்றைய மதுரை மாவட்டத்து அய்யன்கோட்டையில் பிறந்து மதுரையில் படித்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், கணவரோடு 1981-ல் 'லாப்டி' அமைப்பைத் தொடங்கினார். கீழத்தஞ்சையில் நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கித் தந்ததோடு, குடிசைகளைச் செங்கல் வீடுகளாக்கும் பணியிலும் இறங்கினார். செங்கல் அறுத்ததும் சூளை போட்டதும் அந்த ஊர் மக்களேதான்.

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை 1997-ல் உருவானது. அதன் களஞ்சியம் மகளிர் குழுக்கள் போன்ற அமைப்புகள் வழியாகப் போனால், எந்தக் குடும்பம் உண்மையிலேயே தவிக்கிறது என்பது சரியாகத் தெரியும். குழுப் பெண்களின் வாய்ச்சொல்லே நல்ல சான்று. எந்த அமைப்பும் இல்லாமலும் போகலாம். கிராமத்தில் ஊராட்சிச் செயலரையும் ஒன்றிய அலுவலகத்து ஓவர்சியரையும் பாருங்கள். மாநகராட்சிக்குள் என்றால் வார்டு அலுவலகத்தில் தொடங்கி, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தை விசாரியுங்கள். சொந்த மனையில் தாங்களே கட்டிக்கொள்ளும் குடும்பங்களுக்குப் பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 1.5 லட்சம் ரூபாய்.

உங்கள் கைத்தொழில் எங்கே பொருந்தும்?

சிவில், கட்டடக்கலை மாணவர்: மதிப்பீடு, கம்பி அளவு, அஸ்திவார ஆழம், மட்டம் பார்ப்பது. செங்கல்லை எலிப்பொறிக் கட்டில் நிறுத்தி வைத்தால் சுமார் கால்பங்கு செங்கல் மிச்சம் என்று கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் கட்டியே காட்டினார். ஆனால் அந்தக் கட்டு தெரிந்த கொத்தனார் கிடைத்தால் மட்டும் தொடுங்கள். திட்ட வீட்டுக்கு எந்த வகைச் சுவர் செல்லும் என்பதையும் ஒன்றியப் பொறியாளரிடம் முன்பே கேளுங்கள். கட்டிய பிறகு தவணை நின்றால் அடி குடும்பத்துக்கு. மண் கட்டுமானத்தில் ஆர்வமிருந்தால் ஆரோவில் மண் கட்டுமான நிறுவனத்தின் குறுகிய காலப் பயிற்சிகளுக்குப் போய்வரலாம்.

சட்டம், சமூகப்பணி மாணவர்: பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, மனு எழுதுவது, மனுவின் எண்ணை வைத்துத் தொடர்வது.

வணிகவியல், வங்கி ஊழியர்: வரவு செலவு நோட்டு, தவணை வரும் நிலைகள், நகைக்கடன் வட்டிக்கும் கந்துவட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிக் காட்டுவது. ஒரே தெருவில் நான்கு வீடுகள் எழுகின்றன என்றால் எம்-சாண்டும் செங்கல்லும் சேர்த்து லோடாக வாங்க ஏற்பாடு செய்வது.

இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐ.டி. ஊழியர்: நிலை வாரியாகப் படம் பதிவேற்றுவது, விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று இணையத்தில் பார்ப்பது. 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். உங்கள் நிறுவனம் அந்த வரம்புக்குள் வந்தால், மதிப்பீட்டோடு ஒரு பக்கக் குறிப்பை மனிதவளப் பிரிவில் கொடுங்கள். வாய்ப்பேச்சுக்குக் காசோலை வராது.

தளத்தில் முதல் நாள்

காலை ஏழரைக்கு முன்னே போய்விடுங்கள். மூடிய செருப்பு, முழுக்கை சட்டை, தலைக்குத் துண்டு, சொந்தத் தண்ணீர் பாட்டில். தளத்தில் கொத்தனார் சொல்தான் சட்டம். "அண்ணே, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். பெரும்பாலும் முதல் வேலை செங்கல்லைத் தண்ணீரில் ஊறப்போடுவது அல்லது மண் சலிப்பது. ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம், மட்டப்பலகை ஆகியவற்றை அவர் எப்படிப் பிடிக்கிறார் என்று கவனியுங்கள். நான்கு ஆண்டு படிப்பில் பிடிபடாதது ஒரு சுவர் எழும் நேரத்தில் பிடிபடும்.

கலவைச் சட்டியைக் கைக்குக் கை மாற்றித் தரும்போது சித்தாள் அக்காவின் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் பார்க்காதீர்கள், முதுகு பிடித்துக்கொள்ளும். சிமென்ட் மூட்டை 50 கிலோ, இரண்டு பேராகத் தூக்குங்கள். சிமென்ட் கலவை தோலை அரிக்கும், கையுறை கட்டாயம். சாரத்தில் ஏறுவது, மின்கம்பிக்குப் பக்கத்தில் கம்பி தூக்குவது, சென்ட்ரிங் பிரிப்பது மூன்றும் பழகியவர்கள் வேலை. நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும், அதைவிட அகலமானால் 14 நாள். வாடகை ஏறுகிறதே என்று யாராவது அவசரப்பட்டால், தடுத்துச் சொல்ல அங்கே நீங்கள் இருக்க வேண்டும்.

மாதக் கணக்கு

மதுரைக்குப் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆடியிலும் மார்கழியிலும் புது வேலை தொடங்க மாட்டார்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் கொத்தனார் கிடைக்க மாட்டார். ஆகவே மார்கழிக்குள் காகிதங்களை முடித்து, தையில் வானம் தோண்டி, கோடை முடிவதற்குள் தளம் போடுவது நல்ல கணக்கு. கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வரும் ஊர் என்றால், டிராக்டர் தண்ணீர் செலவை முதலிலேயே மதிப்பீட்டில் எழுதிவிடுங்கள்.

இவற்றைத் தவிருங்கள்

கூலியில் கைவைக்காதீர்கள். இருபது தொண்டர்கள் வருகிறார்கள் என்று இரண்டு சித்தாள்களை நிறுத்தினால், ஓர் ஏழைக்கு உதவ இன்னொரு ஏழையின் அடுப்பை அணைத்ததாகும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் முழுக் கூலி. அவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேட்டு, இல்லையென்றால் பதிவுக்கு உதவுங்கள்.

குடும்பத்தை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். சுவரில் பெயர்ப்பலகையும் வேண்டாம். சமையலறை எங்கே, வாசல் எந்தப் பக்கம் என்பது வீட்டுக்கார அம்மாவின் முடிவு.

சாப்பாட்டுக்கு அவர்களைச் செலவு செய்ய வைக்காதீர்கள். ஆனால் கொடுக்கும் தண்ணீரையும் கஞ்சியையும் மறுக்கவும் செய்யாதீர்கள்; அந்த மறுப்பைச் சாதியோடு சேர்த்துத்தான் படிப்பார்கள். தமிழ்நாட்டின் முதல் சமத்துவபுரம் 1998-ல் திருமங்கலம் அருகே மேலக்கோட்டையில், பல சாதியினரும் அடுத்தடுத்த 100 வீடுகளில் வாழ வேண்டும் என்றுதான் எழுப்பப்பட்டது. ஆனாலும் காலனித் தெருவில் வேலை பார்க்கும் தொண்டர் எந்தச் செம்பில் குடித்தார் என்பதை ஊர் இன்றும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

ரெஸ்யூமேயில் எப்படி எழுதுவது?

"சமூக சேவையில் ஆர்வம்" என்ற வரி யாரையும் நிறுத்தாது. செய்ததை எழுதுங்கள்: "360 சதுர அடி வீட்டுக்கு மதிப்பீடு தயாரித்தேன்; கரிசல் மண்ணுக்கேற்ப அஸ்திவாரத்தை மாற்றப் பொறியாளரிடம் ஒப்புதல் பெற்றேன்; தவணைப் பதிவுகளைக் கவனித்துத் தளம் வரை தொடர்ந்தேன்." இந்த மூன்று வரியில் செலவுக் கணக்கு, தொழில்நுட்பம், அலுவலகத்தில் காரியம் முடிக்கும் பழக்கம் மூன்றும் தெரிகின்றன. ஒப்பந்த நிறுவனம், வீட்டுக்கடன் நிறுவனம், தொண்டு நிறுவனம், அரசுப் பொறியாளர் பணி நேர்காணல் எதிலும் இவை பேசும். முடிந்தால் ஊராட்சியிடமோ நலப்பணித் திட்ட அலுவலரிடமோ தேதியிட்ட சான்றிதழ் வாங்குங்கள். அளவு, செலவு, சந்தித்த சிக்கல் எல்லாவற்றையும் அன்றன்றே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நேர்காணலில் கேள்வி வரும்போது அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

தொடங்குவது இப்படி

பத்து வீடுகளில் ஒவ்வொரு ஞாயிறு போய்வருவதைவிட ஒரே வீட்டை வானம் தோண்டுவதிலிருந்து கிரகப்பிரவேசம் வரை கூட இருந்து பார்ப்பது மேல். பட்டா பார்க்க ஒருவர், கணக்குக்கு ஒருவர், மட்டம் பார்க்க ஒருவர், தண்ணீர் ஊற்ற இருவர் என்று ஐந்து பேர் சேருங்கள். இந்த வாரத்திலேயே பக்கத்து ஊராட்சியில், உத்தரவு வந்தும் நின்றுபோன வீடுகளின் பட்டியலைக் கேளுங்கள். அதில் ஒன்றைத் தேர்ந்து, அது எந்த மேசையில் அல்லது எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். கரண்டியைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகு.